கொட்டிவாக்கத்துக் கம்பத்துக்கு ஆயுத பூஜை

கடலுக்குள்ள கரண்டு எடுக்கிற காத்தாடி நடுறதுக்கு அரசாங்கம் பணம் குடுக்கப் போகுதுன்னு செய்தியில சொன்னாலும் சொன்னான், நம்ம தொழிலாளர் சங்கத்துப் பிள்ளைங்க என் வீட்டு வாசல்ல வந்து நின்னுட்டாங்க. "அஞ்சலைம்மா, நீங்க அந்தக் காலத்துலயே இந்த வேலையில இருந்தீங்களாமே. சங்க மலருக்கு ஒண்ணு வேணும். நீங்க சொல்லுங்க, நாங்க எழுதிக்கிறோம்"னாங்க. முடியாதுன்னுட்டேன். மூணாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவதான் நான். எழுத்துக் கூட்டி எழுதினா நாளாகும். ஆனா என் வேலையைப் பத்தி என் கைதான் எழுதணும். நாளும் ஆச்சு. ஆனா என்ன, எனக்கு இப்ப எங்க போகணும்?

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். கடல் காத்துக்கு அரசாங்கப் பணம் கேக்கிறது புதுசு இல்ல. தொண்ணூறுகள்லயே அதுக்கு அடி போட்டவங்க மெட்ராஸ்ல இருந்தாங்க. அதுல ஒருத்தங்க கோமதி மேடம். இன்னொருத்தி நான்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தப்புறம் ராஜா அண்ணாமலைபுரத்துல சில வீடுகள்ல பாத்திரம் தேச்சுக்கிட்டு இருந்தேன். அதுல ஒரு வீட்டு ஐயா சொல்லித்தான் அடையாறு ஆபீசுல சேர்ந்தேன். காத்துல மின்சாரம் எடுக்கிறதுக்கான அரசாங்க ஆபீசு. பெரிய கட்டடம்னு நெனைச்சுடாதீங்க. ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து மேசை போட்டிருந்தாங்க, அவ்வளவுதான். பெருக்கணும், தண்ணி பிடிச்சு வைக்கணும், டீ வாங்கியாரணும். தினக்கூலி. காத்தை அளக்கிற கொட்டிவாக்கம் கம்பத்தைப் பாத்துக்கிட்டு இருந்த ஆள் வேலையை விட்டுட்டுப் போனதும், "அஞ்சலை போகட்டும்"னு மேடம் சொன்னாங்க. ஒரு வாரம் காட்டிக் குடுத்தாங்க. அதுதான் என் காலேஜு.

கொட்டிவாக்கம் அப்போ இப்ப மாதிரி இல்ல. பஸ்ஸை விட்டு எறங்கி சவுக்குத் தோப்புக்குள்ள நடந்தா மணல். மணலைத் தாண்டினா கடல். கடலுக்கு முன்னால எங்க கம்பம். ரெண்டு தென்னை மரத்தை ஒண்ணு மேல ஒண்ணு நிக்க வெச்ச உயரம். நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியிருக்கும். உச்சியில மூணு கிண்ணி. காத்து அடிச்சா கிண்ணி சுத்தும். அந்தச் சுத்து ஒயர் வழியா கீழ தகரக் கொட்டாய்க்கு வரும். கொட்டாய்ல ஒரு பெட்டி. பெட்டிக்குள்ள கடிகாரச் சாவியில மெதுவா நகர்ற காகிதச் சுருள். காகிதத்து மேல ஒரு பேனா. காத்து ஏறினா பேனா ஏறும், எறங்கினா எறங்கும்.

காலையில போனதும் பெட்டியைத் தொடைக்கணும். காஞ்ச துணியால மட்டும். ஈரத்துணி பட்டா உப்பு இன்னும் உள்ள எறங்கும். அப்புறம் சாவி. கைக்கு இறுக்கம் தெரியிற வரைக்கும் திருகணும், அதுக்கு மேல ஒரு துளி கூடாது. பேனா முனையில உப்பு கட்டியிருக்கும். அதை ஊசியால மெள்ள நெம்பி எடுத்துட்டு மை விடணும். மை விட்டதும் ஓடிடக் கூடாது. கோடு ஒழுங்கா விழுதான்னு நின்னு பாக்கணும். திங்கக்கிழமை சுருளை மாத்தி, பழசுல தேதி போட்டு, என் பேரை எழுதி, அடையாறுக்குக் கொண்டு போகணும். என் பேரை நான் அதிகமா எழுதினது அந்தக் காகிதத்துலதான். இப்பக்கூட 'அஞ்சலை'ன்னு எழுதுறப்ப மை வாசனை வருது.

வைகாசி மாசத்துல காலையெல்லாம் மேலக்காத்து நெருப்பா அடிச்சு ஓயும். மத்தியானத்துல ஒரு நேரம் எல்லாம் அப்படியே நின்னு போகும். பேனா அடியில படுத்துக்கும். அப்புறம் திடீர்னு கழுத்துப் பின்னால ஜில்லுனு ஒண்ணு தொடும், கடல் காத்து. பேனா சட்டுனு எழுந்திருக்கும். வேலையில எனக்குக் கிடைச்ச சந்தோசம் இதுதான். இதுக்குக் கூலி வேற குடுத்தாங்க.

கோமதி மேடம் மயிலாப்பூர்க்காரங்க, குளத்துக்குப் பக்கத்துத் தெரு. எஞ்சினீயரு. ஆபீசுக்கே அவங்கதான் பெரியவங்க. என்னை "வாங்கோ, போங்கோ"ன்னு கூப்பிட்ட முதல் அதிகாரி. அவங்க குரல் ஒசந்து நான் கேட்டதே இல்ல. ஒசரத் தேவையும் இல்ல. சுருளைப் பிரிக்கிறதுக்கு முன்னால ரெண்டு கை வளையலையும் கழட்டி மேசை ஓரத்துல வைப்பாங்க, காகிதத்துல இடிக்கக் கூடாதுன்னு. அந்தச் சத்தம் கேட்டா ஆபீசே வாயை மூடிக்கும். டைப்பு அடிக்கிறவங்ககூட நிறுத்திடுவாங்க. அப்புறம் கோட்டு மேல வெரலை வைக்காம, வெரலுக்கும் காகிதத்துக்கும் நடுவுல ஒரு நூல் எடம் விட்டு, கடைசி வரைக்கும் கூடவே போவாங்க. சந்தேகம் வந்தா நிறுத்துவாங்க. "அஞ்சலை, புதன்கிழமை சாயங்காலம் என்ன ஆச்சு?" "மழை மேடம்." "சரி." மறுபடி வெரல் நகரும்.

அந்த வருசங்கள்ல காத்தாடி நட்டா வருமான வரியில பெரிய சலுகைன்னு அரசாங்கம் அறிவிச்சிருந்துச்சு. மெட்ராஸ்ல பணம் வெச்சிருந்தவங்க எல்லாம் காத்தாடி நிக்கிற ஆரல்வாய்மொழி எந்தப் பக்கம்னு கேக்க ஆரம்பிச்சாங்க. ஒரு நாள் தி.நகர்ல இருந்து பட்டுக்கடை முதலாளி ஒருத்தர் வந்தார். விபூதி, வெள்ளை வேட்டி, கையில ஸ்வீட் பாக்ஸு.

"மேடம், காத்தாடி நட்டா வரி குறையும்ல?"

"குறையும் சார்."

"நட்டுட்டேன், அது சுத்தல. அப்ப?"

"சுத்தலேன்னா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஊருக்குத்தான் வெளக்கு எரியாது."

"எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" அவர் முகம் மலர்ந்து போச்சு. "அப்ப ரெண்டா நட்டுடலாம் மேடம்!"

அவர் போனப்புறம் மேடம் அந்த ஸ்வீட் பாக்ஸைத் தொடவே இல்ல. நாங்க தொட்டோம். "பாத்தேளா அஞ்சலை? சர்க்கார் பணம் கம்பத்துக்குப் போறது. காத்துக்குன்னா போகணும்?"னாங்க. அப்போ எனக்கு அது பாதிதான் புரிஞ்சுது. மைசூர்பா நல்லா இருந்துச்சு.

மேடம் மனசுல இருந்தது கடல். தரையில நடுறதுக்கு முதலாளிங்க வந்துடுவாங்க; கடல்னா எவனும் வர மாட்டான், பல மடங்கு செலவு, உப்பு அரிக்கும், எதுக்கெடுத்தாலும் படகு வேணும்னு சொல்வாங்க. "முதல் பாரத்தை சர்க்கார் தூக்கணும். அப்பறம்தான் மத்தவா தோள் குடுப்பா." அதை நான் என் பாஷையில புரிஞ்சுக்கிட்டேன். கரையில கிடக்கிற படகை மணல்ல தள்ள ஊரே கை வைக்கணும். தண்ணி தொட்டுடுச்சுன்னா தானா போகும்.

மேடம் எழுதி எழுதி டெல்லிக்காரங்க கடைசியில ஒரு வழிக்கு வந்தாங்க. கொட்டிவாக்கத்துக்கு எதிர்த்தாப்புல கடலுக்குள்ளயே ஒரு கம்பம் நட்டுக் காத்தை அளக்கிறதுக்கு அவங்களே பணம் குடுப்பாங்க. சரிப்பட்டு வந்தா அப்புறம் காத்தாடிக்கும் உதவி. ஆனா ஒரு நிபந்தனை: கரைக் கம்பத்துல ஒரு வருசம் முழுக்க, நடுவுல அறுந்து போகாத கோடு வேணும். அந்தத் திட்டத்தோட சேர்த்து ஒரு அட்டெண்டர் வேலையும் உண்டு. பர்மனெண்டு. அதுக்கு மேடம் என் பேரைப் போட்டாங்க.

அப்ப என் பெரிய பொண்ணுக்கு வடபழனியில இருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்துச்சு. பையன் பஸ் டிப்போவுல மெக்கானிக்கு. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு பையனோட அம்மா பஜ்ஜியை ரெண்டாப் பிட்டு உள்ள பாத்துக்கிட்டே கேட்டுச்சு: "இன்னாமா, கவர்மெண்டு வேலைன்ற, தினக்கூலின்னும் சொல்றாங்க. எது நெசம்?"

"இப்ப தினக்கூலி. ஐப்பசியோட வருசம் முடியுது. டெல்லில இருந்து வந்து பாத்துட்டு பர்மனெண்டு பண்ணிடுவாங்க."

"அப்ப பர்மனெண்டு ஆகட்டும், தட்டு மாத்திக்கலாம்."

அதனால அந்தப் பேனா என்ன கோடு போடுதோ அதுதான் என் வீட்டுத் தலையெழுத்துன்னு ஆகிப்போச்சு. பஸ் ஸ்ட்ரைக்கு அன்னிக்கு அடையாறுல இருந்து கொட்டிவாக்கம் வரைக்கும் நடந்தே போனேன். கோடு ஒரு நாள்கூட அறுகல.

புரட்டாசி கடைசியில ஆயுத பூஜை வந்துச்சு. மறுநாள் விஜயதசமி, அதுக்கு அடுத்து ஞாயித்துக்கிழமை, எல்லாம் லீவு. முந்தின நாள் சாயங்காலமே ஆபீசுல பூஜை. மேடம் வீட்டுல கொலு, அதனால சீக்கிரம் கிளம்பிட்டாங்க. ஹெட் கிளார்க்கு வரதராஜன் சார்தான் பூஜைக்குப் பெரிய கை. நல்ல மனுசன், பக்திமான். டைப்ரைட்டருக்குப் பொட்டு, ஜீப்புக்கு வாழைக்கன்னு, காகிதம் ஓட்டை போடுற மிஷினுக்குக்கூட சந்தனம். பூஜையில வெச்ச ஆயுதத்தை விஜயதசமி வரைக்கும் தொடக் கூடாது, அதுக்கு ஓய்வு குடுக்கணும்னு சொல்வார். நம்ம எல்லார் வீட்டுலயும் உள்ள வழக்கம்தானே. அரிவாமணையைக்கூட எடுக்க மாட்டோம். நான் பொரி கடலையைப் பொட்டலம் போட்டு எல்லாருக்கும் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

நான் போனப்புறம் நடந்தது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. கம்பம் ஏறுறதுக்கு எங்க ஆபீசுக்கு ஒரே ஆள், காதர் பாய். வடபழனி ஸ்டூடியோவுல லைட்டு கட்ட ஏறினவர். மரமோ கம்பமோ, அணில் மாதிரி போவார். வரதராஜன் சார் அவரைக் கூப்பிட்டு, "பாய், நம்ம ஆபீசுக்கு மெயின் ஆயுதமே கொட்டிவாக்கத்துல கீதே, அதுக்கு ஒரு பூ வேணாமா?"ன்னு கேட்டிருக்கார். "அதுவும் நாளைக்கு ஒரு நாள் ஓய்வா இருக்கட்டும்." பாய் நம்ம சாமி விசயத்துல நம்மளை விட மரியாதை. கதம்ப மாலையை வாங்கிக்கிட்டு நேரா போயிட்டார்.

திங்கக்கிழமை காலையில நான் போறேன். ரெண்டு நாளாப் புயல் சின்னம். சவுக்குத் தோப்பு பேயாட்டம் ஆடுது. மணல் மூஞ்சியில ஊசியாக் குத்துது. நிக்க முடியல. இன்னிக்கு பேனா எங்க ஏறி நிக்கப் போகுதோன்னு ஆசையா கொட்டாயைத் திறந்தா, அது அடியில படுத்துக் கிடக்கு. சுருளை உத்துப் பாத்தேன். வியாழக்கிழமை ராத்திரியில இருந்து தரையோட தரையா ஒரே கோடு. சாவி ஓடுது, மை இருக்கு. ஒயர் அறுந்திருக்கும்னு வெளிய வந்து அண்ணாந்து பாத்தேன். உச்சியில மஞ்சளும் செவப்புமா ஒரு உருண்டை. கதம்பம்.

கொட்டாய்க்குப் பின்பக்கம் காதர் பாய் குந்திக்கிட்டு இருந்தார், நனைஞ்ச கோழி மாதிரி.

"பாய்! இன்னா பாய் இது?"

"அக்கா, திட்டாத. நேத்தும் வந்தேன், முந்தாநேத்தும் வந்தேன். விஜயதசமி காலையில அவுத்துடலாம்னு தான் இருந்தேன். கம்பம் ஈரம், வழுக்குது. பாதி ஏறினேன், கம்பி ஊஞ்சல் ஆடுதுக்கா. உசுரு போயிருக்கும்."

"பூ நாரு தானே? இந்தக் காத்துக்கு அறுந்திருக்கணுமே!"

பாய் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "நாரு தாங்காதுன்னு நான்தான் உள்ள மீன் வலை நரம்பைச் சுத்திக் கட்டினேன். கிண்ணி மூணையும் சேத்து. ஓய்வுன்னாரே சாரு. நல்ல ஓய்வா இருக்கட்டும்னு..."

வேலையில அந்த மனுசன் எதையும் அரைகுறையாச் செய்ய மாட்டார். எனக்கு அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு. அன்னிக்கு மத்தியானம் மழை விட்டதும் அல்லா பேரைச் சொல்லிட்டு ஏறி அறுத்து விட்டார். பேனா துள்ளி எழுந்துச்சு. ஆனா அதுக்குள்ள பெருங்காத்து போயிடுச்சு. அந்த வருசத்துலயே பெரிய காத்து. எங்க கம்பம் அதை விட்டுட்டு சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்திருக்கு.

சுருளை எடுத்துக்கிட்டு நேரா மயிலாப்பூர் போனேன். மேடத்துக்கு அன்னிக்கு லீவு. வீட்டுல கொலு பொம்மையை எல்லாம் பழைய வேட்டியில சுத்திப் பெட்டியில அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. எனக்கு முன்னாலயே வரதராஜன் சார் வந்து நின்னுக்கிட்டு இருந்தார். பாய் போன் பண்ணியிருக்கார். மேடம் கூடத்துல கோரைப்பாயை விரிச்சாங்க, வளையலைக் கழட்டினாங்க, சுருளைப் பிரிச்சாங்க. வெரல் அந்தத் தட்டைக் கோட்டு மேலயே போச்சு, போச்சு, போய்க்கிட்டே இருந்துச்சு.

வரதராஜன் சார்தான் ஆரம்பிச்சார். "மேடம், தப்பு என் பேர்ல. ஒத்துக்கிறேன். ஆனா இதுக்காக ஒரு வருசத்தைத் தூக்கிப் போடணுமா? பக்கத்து ஊர்கள்ல காத்து என்ன அடிச்சதுன்னு கேட்டு வாங்கிடலாம். அதைப் பாத்து அந்த எடத்துல ஒரு கோடு போட்டா யாருக்குத் தெரியும்? இது என்ன கொலைக் குத்தமா? கோடு மேடம், வெறும் கோடு!"

"வெறும் கோடு இல்லை சார். அதை நம்பித்தான் சர்க்கார் பணம் போடப் போறது."

"அஞ்சலை வேலையும் இதுலதான் இருக்கு மேடம்."

அப்பத்தான் மேடம் என்னைப் பாத்தாங்க. நான் சொன்னேன்: "போட்டுடுங்க மேடம். என் பொண்ணு கல்யாணம் கீது."

இதைப் படிக்கிற பிள்ளைங்க சில பேர் முகம் சுளிப்பீங்க. சுளிச்சுக்கோங்க. ரெண்டு பொண்ணை வெச்சுக்கிட்டு ஒத்தையில நின்னவ நான். கேக்க வேண்டியதைக் கேட்டேன்.

மேடத்துக்குக் கோவம் வரல. "அஞ்சலை, சனிக்கிழமை என்ன காத்து அடிச்சுது?"

"பெருங்காத்து மேடம்."

"எவ்வளவு?"

"தெரியாது மேடம்."

"எனக்கும் தெரியாது. தெரியாததை எப்படி வரையறது?" சுருளைச் சுத்தினாங்க. "காபி சாப்ட்டுட்டுப் போங்கோ ரெண்டு பேரும்."

ஐப்பசி கடைசியில டெல்லிக்காரங்க வந்தாங்க. பெரியவர் ஒரு வங்காளத்துக்காரர், தடிமனா கண்ணாடி. நான் காபி குடுத்துட்டு கதவோரம் நின்னேன். பேசினது இங்கிலீசுதான், மேடம் அப்புறம் எனக்கு ஒவ்வொண்ணாச் சொன்னாங்க. மேடம் தானாவே முதல்ல அந்தச் சுருளைத்தான் எடுத்து விரிச்சாங்க. "இந்த நாள்கள்ல எங்க கருவி பூஜையில இருந்தது"ன்னாங்க. பெரியவருக்குப் புரியல. வெளக்கிச் சொன்னதும் சிரிச்சார் பாருங்க, காபி சாஸர்ல கொட்டிப் போச்சு. எங்க ஊர்லயும் விஸ்வகர்மா பூஜை அன்னிக்கு சுத்தியலைத் தொட மாட்டோம்னாராம். ஆனா காத்தைக் கட்டிப்போட்ட ஊரை இப்பத்தான் பாக்கிறேன்னாராம்.

அப்புறம் கர்ச்சீப்பால கையைத் தொடைச்சுக்கிட்டு, "யார் கட்டினது?"ன்னு கேட்டார்.

"என் ஆபீஸ்."

"ஆபீசுக்குக் கை உண்டா?"

"உண்டு"ன்னு மேடம் வளையல் இல்லாத ரெண்டு கையையும் மேசை மேல வெச்சாங்க. காதர் பாய் வெளிய ஜீப்புக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு இருந்தார். அவர் பேர் அந்த ரூமுக்குள்ள வரவே இல்ல.

பெரியவர் மரியாதையாத்தான் சொன்னாராம். நிபந்தனை நிபந்தனைதான். வருசம் மறுபடி முதல்ல இருந்து.

வடபழனிக்கு நானே போய்ச் சொன்னேன். இன்னும் ஒரு வருசம்னு. அந்த அம்மா, "அதுக்கென்ன, மெதுவா ஆகட்டும்"னு சிரிச்சுச்சு. தை மாசமே வேற எடத்துல பையனுக்கு முடிச்சுட்டாங்க. வீட்டுக்கு வந்து பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றதுன்னு முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவளே சொன்னா: "இன்னாத்துக்குமா அழுவுற? பஜ்ஜியையே பிட்டுப் பாத்த கெழவி. என்னை விட்டு வெப்பாளா?" அடுத்த வருசமே அவளுக்கு மந்தைவெளியில நல்ல எடம் அமைஞ்சுது. ஆனா அன்னிக்கு ராவு அவ சாப்பிடல. அதையும் எழுதணும்.

ரெண்டாவது வருசம் ஓடுச்சு. ஆயுத பூஜை வந்தப்ப வரதராஜன் சார் சந்தனக் கிண்ணத்தோட என்னைப் பாத்தார். "கொட்டாய் கதவுக்கு மட்டும்"னேன். காதர் பாய் கையெடுத்துக் கும்பிட்டார்: "அக்கா, இந்த வாரம் நாஷ்டா போட்டுக் கூப்பிட்டாக்கூட நான் கொட்டிவாக்கம் பக்கம் வர மாட்டேன்." அந்த வருசம் கோடு அறுகல. ஒரு நாள்கூட இல்ல. சுருளை எல்லாம் பீரோவுல அடுக்கினப்ப என் பொண்ணுங்களுக்குப் பொட்டு வெச்சுப் பாத்த மாதிரி இருந்துச்சு எனக்கு.

மேடம் அதையெல்லாம் எடுத்துக் கூட்டிக் கழிச்சுப் பாக்க உக்காந்தாங்க. வளையல் மேசை ஓரத்துலயே கிடந்துச்சு. முடிஞ்சு சில மாசம் கழிச்சு ஒரு நாள் என்னை உக்காரச் சொன்னாங்க. அதிகாரி முன்னால நான் உக்காந்தது அதுதான் முதல் தடவை.

"அஞ்சலை, நம்ம கடல்ல காத்து இருக்கு. ஆனா போறாது. மத்தியானம் எழுந்துண்டு வரது, ராத்திரி தூங்கிப் போயிடறது. இங்க நட்டா சர்க்கார் பணம் தண்ணியிலதான். தெக்க தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் ராப்பகலா அடிக்கிறது. அங்க குடுங்கோன்னு எழுதிட்டேன், ஒத்துண்டுட்டா."

"அப்ப நம்ம கம்பம்?"

"அதுவும் அங்க போகும்."

"அந்த அட்டெண்டர் வேலை?"

"வேலை கம்பத்தோட சேந்தது அஞ்சலை."

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். மெட்ராசை விட்டு நான் செங்கல்பட்டைத் தாண்டினது இல்ல. எழுந்து நின்னேன். "மேடம், நீங்க காத்தைப் பாத்தீங்க. என்னைப் பாக்கல."

டைப்பு சத்தம் நின்னு போச்சு. வரதராஜன் சார் பேனா மூடியை மூடுறாரு, திறக்கிறாரு. மேடம் என் முகத்தையே பாத்துக்கிட்டு சொன்னாங்க: "பாத்தேன். அந்த ஊர் ஆளையே போட்டுக்கறோம், உங்க பேரை எடுத்துடுங்கோன்னு தூத்துக்குடிக்காரா எழுதினா. ரெண்டு தரம் எழுதினா. நான் எடுக்கலை. போறதும் போகாததும் உங்க இஷ்டம். ஆனா அந்த வேலை உங்களோடது. அதை வேற யாரும் தொட முடியாது."

நான் வெளிய வந்துட்டேன். கம்பத்தைப் பிரிக்கிற அன்னிக்கு காதர் பாய் ஒவ்வொரு கம்பியா அவுத்துக்கிட்டே மேல இருந்து கத்துறார்: "அக்கா, நான் எத்தினி ஸ்டூடியோ ஏறி எறங்கினேன். ஒருத்தனும் என் பேரை எழுதல. உன் பேரு டெல்லியில கீதாம்! போக்கா!" கடலைப் பாத்துக்கிட்டு நின்னேன். மத்தியானக் காத்து வந்து கழுத்தைத் தொட்டுச்சு. பேனா இல்ல, கோடு இல்ல. அது வந்துட்டுப் போனது யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். வேலை இல்லாம இந்தக் காத்துல நிக்க எனக்குப் பிடிக்கலன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

வீட்டுல சின்னவகிட்ட சொன்னேன். அவ கேட்ட ஒரே கேள்வி: "தூத்துக்குடியில சினிமா கொட்டா கீதா?" "இருக்கும்." "அப்ப போலாம்."

கிளம்புற அன்னிக்கு மேடம் எழும்பூருக்கு வந்தாங்க. மயிலாப்பூர்ல வாங்கின மல்லிப்பூ ஒரு பந்தை என் கையில குடுத்துட்டு, "தலையில வெச்சுக்கோங்கோ. வேற எங்கயும் கட்டிடாதேங்கோ"ன்னாங்க. அவங்க தமாசு பேசி நான் கேட்டது அன்னிக்குத்தான். ரயில் நகர்ற வரைக்கும் நின்னாங்க. நான் அழல. அவங்க கண்ணாடியைத் தொடைச்சாங்க.

கடலுக்குள்ள காத்தாடி நான் ரிட்டையர் ஆகிற வரைக்கும் வரல. பணம் வரும்னாங்க, ஆள் மாறினாங்க, ஃபைல் தூங்குச்சு. கோமதி மேடமும் இல்ல இப்போ. ஆனா தெக்குச் சீமையில அளந்து வெச்ச முதல் கோடுகள்ல என் பேரு இருக்கு. அடையாறையும் கொட்டிவாக்கத்தையும் நெனைச்சு ஏங்கினது உண்டு. மயிலாப்பூர் குளத்துக் காத்துக்குக்கூட ஏங்கியிருக்கேன். போனதுக்கு வருத்தப்பட்டது இல்ல.

அங்க போய்ச் சேர்ந்த அன்னிக்கு அந்த ஊர் சின்ன அதிகாரி, மீசை அப்பத்தான் அரும்பின மாதிரி ஒரு தம்பி, என்னை மேலயும் கீழயும் பாத்தார். வெளிய காத்து ஊளை போடுது. கதவை ஆள் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். "மெட்ராஸ்ல இருந்தா வாறிய? ஒரு அட்டெண்டர் வேலைக்கு இம்புட்டு தூரமா?"ன்னார்.

"காத்து இங்கதான் கீதுன்னு எங்க மேடம் எழுதினாங்க. அதான் வந்துட்டேன்"னேன்.

அவர் சிரிச்சார். நான் சிரிக்கல. பெட்டியைக் கீழ வெச்சுட்டு முந்தானையை இழுத்துச் சொருகினேன்.

"மை எங்க வெச்சிருக்கீங்க? காட்டுங்க."